வெட்கத்தின் விலை

வியத்நாம் யுத்தத்தில் அமெரிக்க சர்க்கார் 1962 முதல் 1971 வரை 'ஏஜெண்ட் ஆரஞ்ச்' முதலான நச்சு மருந்துகளைக் காடுகளின்மீது தெளித்தது. அவ்விஷம் பகைவன், சொந்தப் போர்வீரன் என்று பேதம் பார்க்கவில்லை. அங்கே சேவை செய்தவருக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டால், அது சேவையின் விளைவே எனக் கொள்ள 1996-ல் விதி பிறந்தது. காலங்கடந்து வந்தாலும் அது நியாயமே.

ஆனால் பிற்பாடு நடப்பதென்ன? நோயுள்ள காலத்திலும், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரையிலும் ஊனம் 100 சதவிகிதம். அப்பால் கட்டாயப் பரிசோதனை. நோய் மீளவில்லையெனில், எஞ்சிய உபாதைக்கு மட்டுமே மதிப்பு. சிறுநீர்க் கசிவுக்காக அணியும் துணியை நாளொன்றுக்கு இரு முறைக்குக் குறைவாக மாற்றினால் 20; இரண்டு முதல் நான்கு முறையெனில் 40; அதற்கு மேலெனில் 60. ஆண்மைக் குறைவுக்குச் சதவிகிதம் பெரும்பாலும் பூஜ்யமே. தனியாக ஒரு சிறு மாதப்படி மட்டும் உண்டு.

குண்டடிக்கு அஞ்சாத வீரர், வைத்தியரிடம் இவற்றைச் சொல்லக் கூசுகிறார். நான்கை இரண்டென்கிறார், சில வேளை மௌனமே சாதிக்கிறார். அம்மௌனம் 'குணமடைந்தார்' என்று ஏட்டில் ஏறுகிறது, உதவித்தொகை இறங்குகிறது. குறைக்குமுன் சாட்சியம் தர 60 நாள் தவணையுண்டு. அதையும் வெட்கம் விழுங்கிவிடலாகாது.

உடம்பைத் தேசத்துக்குக் கொடுத்தவர் தம் உபாதையை உரைப்பது யாசகமன்று, உரிமை. கூசவேண்டியவர் அவரல்லர், விஷத்தைத் தெளித்தவரே என்போம்.