முன்கூடமும் நாடகத்தில் சேர்த்திதான் – சிலம்பு காட்டும் வழி



திரை விலகியதும் நாடகம் தொடங்குகிறது என்பது பொதுவான எண்ணம். டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுகிற முன்கூடத்திலேயே அதைத் தொடங்கலாம் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டனில் 1997இல் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தைப் பழைய முறையில் எழுப்பித் திறந்தபோது, கூடவே ஒரு கண்காட்சியும் அமைத்தார்கள். நம் பூம்புகாரில் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுநிலை மாடமாக நிற்கிறது. சிலம்பின் கதை முழுவதும் அங்கே கல்லில் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு இல்லை. கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சரக்கைவிட, கையில் எடுத்துக் கொடுத்த சரக்குதான் மனசில் நிற்கும்.

மும்பையில் பிறந்த நம்ம பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மேடையில் செந்தமிழ் வசனம் ஆரம்பித்தால் பத்தே நிமிஷத்தில் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். சங்கங்கள் சிலப்பதிகார நாடகம் போடும்போது முன்கூடத்தில் நான்கு காட்சிகள் வைத்தால் இந்த நிலை மாறும். நான்கிற்கும் நூலிலேயே இடம் இருக்கிறது.

முதலாவது, மாதவியின் அரங்கம். அரங்கேற்று காதை மேடையின் அளவையே தருகிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல். விரலுக்கு ஓர் அங்குலம் வைத்தால் கோல் 2 அடி. மேடை 14க்கு 16, அதாவது 224 சதுர அடி. எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் முதலில் கொடுத்த வீடு 225 சதுர அடி! தரையில் நாடா ஒட்டி, கையில் ஒரு மூங்கில் கோலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். மாதவி ஆடியது நம்ம வீட்டளவு இடத்தில்தான் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

இரண்டாவது, நிழல். தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைத்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். நாலு சின்னத் தூணும் ஒரு டார்ச்சும் போதும்.

மூன்றாவது, எழினி என்னும் திரை. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமிருந்து வந்து சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. ஒட்டுப்பலகையில் சிறு மேடை செய்து, கயிற்றைப் பிள்ளைகள் இழுக்கட்டும்.

நான்காவதுதான் முக்கியம். ஒரே மாதிரி இரண்டு மூடிய டப்பாக்கள். ஒன்றில் முத்துப் போன்ற மணிகள், மற்றதில் கற்கள். "பார்த்தே வித்தியாசம் சொல்ல முடியுமா? குலுக்கிப் பார்" என்று மட்டும் எழுதுங்கள். விடை வேண்டாம், அது மேடையில் வரும். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோவலனைக் கொல்ல ஆணையிடுமுன் பாண்டியன் செய்யாத சோதனையைச் செய்துவிட்டு நம்ம பிள்ளை உள்ளே போகிறது. கண்ணகி சிலம்பை உடைக்கும்போது அது தூங்குமா?

இரண்டு எச்சரிக்கை. வாசகங்களைத் தமிழோடு தேவநாகரியிலும் எழுத வேண்டும். சிலருக்கு மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் படிக்கத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டுப் போன பிள்ளை அடுத்த வருஷம் வராது. தமிழ் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், கண் பழகட்டும். இன்னொன்று, வெளியேறும் வழியில் எதையும் வைக்கக் கூடாது, எரியும் விளக்கும் கூடாது. 1990இல் தீப்பிடித்த சண்முகானந்தா அரங்கம் மறுபடி திறக்க 1998 ஆயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

செலவு பெரிதில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் நின்று பேச ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான். தாத்தா பாட்டிகளுக்கு இதைவிட நல்ல வேஷம் எந்த நாடகத்தில் கிடைக்கும்?