"வெறும் எம்.பி.பி.எஸ். தானா?"

போன மாதம் ஒரு தந்தை, மகளை அழைத்துக்கொண்டு வந்தார். "ராத்திரி தூக்கமே இல்லை டாக்டர். நெஞ்செரிச்சல் வேற. ஏதாவது சூரணம் குடுங்க" என்றார்.

நாடி பார்த்தபடியே பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பெண்ணும் டாக்டர்தான்! முதுநிலை 'நீட்' எழுதி, கவுன்சலிங்கில் கடைசிச் சுற்றுவரை காத்திருந்தும் குழந்தை மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. "சொந்தக்காரங்க முகத்துல முழிக்கவே கூசுது சார்" என்றார். கண் கலங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள்

மொத்தம் 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க். தவறினால் 1 மார்க் கழியும். எழுதுகிறவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். இடங்களோ அதில் பாதிகூட இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து படித்தாலும் பாதிப் பேருக்கு மேல் வெளியேதான் நிற்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் குழந்தையைப் பார்த்துப் பதறாமல் இருப்பீர்களா என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

* முதல் ஒரு வாரம் எந்த முடிவும் வேண்டாம். பிறகு, தவறியது படிப்பிலா, தேர்வில் நேரம் போதாமலா, கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போட்டதிலா என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். இதே மதிப்பெண்ணை வைத்து டி.என்.பி. படிப்புக்கும் போகலாம் என்பதைச் சிலர் யோசிப்பதே இல்லை.

* வீட்டில் அடைந்து கிடக்காமல் டூட்டி டாக்டராகச் சேருங்கள். சேரும்போதே, "அடுத்த தேர்வுக்கும் படிக்கிறேன்" என்று சொல்லிவிடுவது மரியாதை.

* இடம் கிடைத்த நண்பரை மனதார வாழ்த்துங்கள். நாளைக்கு ஒரு சிக்கலான கேஸை அவரிடம்தான் அனுப்புவீர்கள்.

* "நீங்க வெறும் எம்.பி.பி.எஸ். தானா?" என்று நோயாளி கேட்பார். முகம் சுளிக்காதீர்கள். "ஆமாம்மா. நான் பார்க்கிறேன். தேவைப்பட்டா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட நானே அனுப்பறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை உங்களைத் தேடித்தான் வருவார்.

எனக்கும் முதல் தடவை எம்.டி. இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு வருஷம் ஒரு மூத்த வைத்தியரிடம் உட்கார்ந்து தினமும் நாடி பார்த்தேன். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

பெற்றோருக்கு...

பக்கத்து வீட்டுப் பையனின் ரேங்க்கைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். ராத்திரிப் பட்டினியும், கண் விழிக்கக் குடிக்கும் காபியும்தான் பாதி நெஞ்செரிச்சலுக்குக் காரணம். எட்டு மணிக்கு ரசம் சாதமாவது சாப்பிடச் செய்யுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று ஒரு வார்த்தை வந்தாலும், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். அதற்குச் சூரணம் போதாது. இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காலை டூட்டி பார்க்கிறார். போன வாரம் தந்தை மட்டும் வந்திருந்தார். "இப்பல்லாம் பத்தரைக்கே தூங்கிடறா டாக்டர்" என்றார். சூரணத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.