ஏரிக்கு அடியில் இன்னொரு ஏரி: பீன்யாவில் சேற்றைத் தோண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல்

கோடை மழை கொட்டிய மறுநாள் காலையில் ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்ற செய்தி பெங்களூருக்குப் புதிதல்ல. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கொத்துக்கொத்தாக மிதந்த படங்கள் பலருக்கு நினைவிருக்கும். இப்படி நடந்தாலே "யாரோ விஷத்தைக் கலந்துட்டாங்க" என்ற பேச்சு கிளம்பிவிடும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், மீனைக் கொல்ல வெளியிலிருந்து விஷம் வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சாக்கடை கலக்கும் ஏரி என்றால், அதன் அடியிலேயே அது தயாராக இருக்கும்.

எப்படி? அதற்கு முதலில், கலக்கவே கலக்காத ஏரிகளைப் பார்க்கலாம்.

உலகில் சில ஆழமான ஏரிகளில் மேல்நீரும் அடிநீரும் ஆண்டுக்கணக்கில் சேர்வதே இல்லை. அடியில் உப்போ வேறு கரைபொருளோ அதிகமாக இருப்பதால் அந்த நீர் கனமாகி அங்கேயே தங்கிவிடும். காற்று அடித்தாலும் அசையாது. எண்ணெயும் தண்ணீரும் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். என்ன, இங்கே இரண்டுமே தண்ணீர்தான்.

சுவிட்சர்லாந்தின் காடான்யோ ஏரி இதற்கு நல்ல உதாரணம். ஆழம் சுமார் 21 மீட்டர். பாதி ஆழம் இறங்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். அங்கே வாழும் ஊதா கந்தக பாக்டீரியாக்கள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். மேலிருந்து வரும் கொஞ்சம் வெளிச்சத்தையும், கீழிருந்து வரும் அழுகிய முட்டை நாற்ற வாயுவான ஹைட்ரஜன் சல்பைடையும் வைத்து அவை பிழைக்கின்றன. செடியைப் போல ஒளிச்சேர்க்கை செய்தாலும் ஆக்சிஜனை வெளியிடுவதில்லை.

இந்த ஏற்பாடு திடீரெனக் குலைந்தால் என்ன ஆகும் என்பதை கேமரூனின் நியோஸ் ஏரி காட்டியது. 1986 ஆகஸ்ட் 21 இரவு, அதன் அடிநீரில் கரைந்து கிடந்த கார்பன் டை ஆக்சைடு பீறிட்டு வெளியேறி, 1,700-க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்தனர்.

சரி, பீன்யாவுக்கு வருவோம். தும்கூர் சாலையை ஒட்டிய இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றி சிவபுரா, கரிஹோபனஹள்ளி எனப் பல கெரேக்கள் இருக்கின்றன. எல்லாமே மனிதர்கள் கரை கட்டி உருவாக்கிய, ஆழமில்லாத ஏரிகள். நியோஸில் நடந்தது இங்கே நடக்காது. நிரந்தர அடுக்கும் இங்கே கிடையாது. ஆனால் அதே அடுக்கு இப்படிப்பட்ட ஏரிகளில் பகலில் உருவாகி, இரவில் கலையும்.

இதற்கு நம்ம ஊர் வெயில்தான் காரணம். குளிர்ந்த நீரைவிட வெதுவெதுப்பான நீரில் சின்ன வெப்ப வித்தியாசத்துக்கே அடர்த்தி அதிகம் மாறும். 5-லிருந்து 10 டிகிரிக்குப் போகும்போது ஏற்படும் அடர்த்தி மாற்றத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு, 25-லிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது ஏற்படுகிறது. அதனால் மதிய வெயிலில் சூடான மேல்நீர், இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள ஏரியிலும் மூடி போட்டதுபோல உட்கார்ந்துவிடும்.

மூடிக்குக் கீழே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான் அது கரையும். பெங்களூரின் உயரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு. சாக்கடைக் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் அதை முடித்ததும் சும்மா இருப்பதில்லை. அடுத்து நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என வரிசையாக இறங்கும். சல்பேட்டில் கைவைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. கடைசியில் மீத்தேன். ஏரிச்சேறு கன்னங்கரேல் என்று இருப்பது வெறும் அழுக்கினால் மட்டும் அல்ல. இரும்பும் சல்பைடும் சேர்ந்த கறுப்பு அது. ஒரு பிடி அள்ளிக் கரையில் போட்டுப் பாருங்கள், காற்றுப் பட்டதும் மெல்லப் பழுப்பாகும்.

மழை பெய்தால் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கும், மூடி உடையும். அடியில் இருந்த சல்பைடும் கரைந்த இரும்பும் மேலே வந்து, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். அதே மழை சாலைச் சாக்கடையையும் உள்ளே தள்ளும். மீன் தப்பிக்க வழியில்லை.

பீன்யாவுக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: குரோமியம். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவால் இப்பகுதி நிலத்தடி நீரில் குரோமியம்-6 கலந்திருப்பது பல ஆண்டுகளாகப் பதிவான விஷயம். நீரில் எளிதில் கரைந்து பரவும் இந்த வடிவம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. குடிநீரில் மொத்த குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.

வேடிக்கை என்னவென்றால், மீனைக் கொல்லும் அதே சல்பைடும் இரும்பும் குரோமியம்-6-ஐ, ஆபத்து மிகக் குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றிச் சேற்றில் படிய வைக்கின்றன. நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு ஒருவகையில் காவலாளி வேலையும் பார்க்கிறது. ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களையும் சல்பைடு பிடித்து வைக்கும்.

அதனால்தான் 'தூர் வாருதல்' இங்கே அவ்வளவு எளிதான வேலை இல்லை. தோண்டிய சேற்றைக் கரையில் குவித்துக் காயவிட்டால், காற்றுப் பட்டு சல்பைடு சிதையும், பிடித்து வைத்த உலோகங்கள் மழைநீரோடு கசியும். குரோமியம்-3 அவ்வளவு சீக்கிரம் மாறாது என்றாலும், மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் அதில் ஒரு பகுதி மெல்ல மீண்டும் குரோமியம்-6 ஆகலாம். ஏரி வண்டலை அள்ளி வயலில் போடுவது நம் பக்கத்தில் காலங்காலமாக நடக்கும் நல்ல பழக்கம். தொழிற்பேட்டை ஏரியின் வண்டலை மட்டும் பரிசோதனை இல்லாமல் அப்படிக் கொடுக்கவே கூடாது.

அழகுக்காக வைக்கும் நீரூற்றுகள் பெரும்பாலும் மேல்நீரைத்தான் கிளறுகின்றன. அடியில் காற்று செலுத்தினால்தான் அடுக்கு உடையும். அதையும் கழிவுநீர் வரத்தை நிறுத்திய பிறகு செய்தால்தான் பலன்.

ஏரி நீர் 'நல்லா இருக்கு' என்று ஓர் அறிக்கை வந்தால், மாதிரி எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பாசி படர்ந்த ஏரியின் மேல்நீரை மதியம் 12 மணிக்கு அளந்தால், ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் தாராளமாகவே காட்டும். மீன்கள் சாவது விடியற்காலையில்.