உங்கள் பிறஷர் குளிசை வீட்டுப் பூனைக்கு வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் உள்ள பல வீடுகளில் பிறஷர் குளிசை இருக்கிறது. அந்த வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வயது போகப் பிறஷர் கூடலாம். அதற்காகத் தங்கள் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அது உயிராபத்தில் முடியலாம்.

ஆபத்து என்ன?

பூனைகளுக்கு மிருக வைத்தியர்கள் வழக்கமாக முதலில் எழுதுவது அம்லோடிபின் என்ற பிறஷர் மருந்து. நமது 5 மில்லிகிராம் குளிசையில் எட்டில் ஒரு பங்கே பெரும்பாலும் அதன் தொடக்க அளவு. பாதிக் குளிசை அதன் நான்கு மடங்கு.

விரைந்து வேலைசெய்யும் இன்னொரு பிறஷர் மருந்தான நிபெடிபின் பிறஷரைச் சடுதியாக விழுத்தும்; மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தம் குறையும். அவசரத்தில் பயன்படும் நைட்ரோபுருசைட் ஒருசில நிமிடங்களிலேயே வேலைசெய்யும். அதை நாளத்தில் ஏற்றும்போது பிறஷரை விடாமல் கண்காணிக்க வேண்டும். அது வைத்தியசாலையில் மட்டும் செய்யக்கூடியது.

எப்போது ஓடவேண்டும்?

பூனை திடீரெனப் பார்வையிழந்து சுவரில் முட்டினால், கண்மணி விரிந்தே நின்றால், வலிப்பு வந்தால், தாமதிக்க வேண்டாம். பெரும்பாலும் சிறுநீரக நோயோ, பூனைகளில் தைரொயிட் மிகைப்போ இப்படிப் பிறஷர் கூடுவதன் பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பிறஷரை மட்டும் குறைப்பது போதாது.

கேட்க வேண்டியவை

பயத்தாலும் பிறஷர் ஏறும். ஆகவே பிராணியை அமைதிப்படுத்திப் பலமுறை அளந்தார்களா என்று கேளுங்கள். 2018இல் வந்த அமெரிக்க நிபுணர்களின் வழிகாட்டலில் பிறஷரின் மேல் எண் 180ஆகவோ அதற்கு மேலாகவோ இருப்பது மிகக் கடுமையான நிலை. மருந்தின் பெயர், அளவு, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

இலங்கையில் மிருக வைத்தியர்களைப் பதிவுசெய்யும் சபை 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சிகிச்சை தருபவர் அங்கே பதிவுபெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். தொழில்முறைத் தவறு நடந்ததாகக் கருதினால், மருந்துத் துண்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் இணைத்து அச்சபைக்கு எழுதலாம்.

குளிசையை விழுங்கிவிட்டால்

அறிகுறி மணித்தியாலங்கள் கழித்தும் வரலாம்; நன்றாக நிற்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்கவைக்காதீர்கள், அதுவே நஞ்சாகலாம். வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, குளிசை மட்டையுடன் உடனே கொண்டுபோங்கள். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு, பிராணியின் நிறை என்ன என்ற மூன்றும் தெரிந்தால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.