கடலுக்குள் பாதை போட்ட அலெக்சாண்டர்! தெரியுமா?

லெபனானின் தென்கரையில் இருக்கிற சூர் நகரம், ஒரு காலத்தில் கடல் நடுவே நின்ற தீவு என்று தெரியுமா? விவிலியத்தில் ‘தீரு’ என்று வருகிறதே, அதே ஊர்தான்! எருசலேம் ஆலயத்துக்குக் கேதுரு மரங்களை அனுப்பிய ஈராம், இந்த ஊரின் ராஜா.

அங்கே பணம் கடல்சங்கில் விளைந்தது! முள் முளைத்த ஒருவகைச் சங்கின் சுரப்பியிலிருந்து ஊதாச் சாயம் எடுத்து, துணியில் ஏற்றி, மத்தியதரைக் கடல் முழுக்க விற்றார்கள். 1909இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 சங்குகளிலிருந்து சாயம் எடுத்துப் பார்த்தார். தேறியது வெறும் 1.4 கிராம்! அது ஏன் அரசர்களின் நிறமானது என்று புரிகிறதா?

இவ்வளவு செல்வம் இருந்தால் படை வராமல் இருக்குமா? பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் 13 ஆண்டுகள் முற்றுகையிட்டான். தீவு அசையவில்லை, கடைசியில் சமரசம்தான்.

அடுத்து வந்தான் அலெக்சாண்டர், கி.மு. 332இல். தீவுக்குள் இருந்த மெல்கார்ட் தெய்வத்தின் கோயிலில் பலியிட வேண்டும் என்றான், ஊரார் மறுத்தார்கள். கப்பற்படை இல்லாதவன் என்ன செய்தான் தெரியுமா? கரையில் இருந்த பழைய தீருவை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டிப் பாதையே போட்டுவிட்டான்! தீருக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எரியும் கப்பல் ஒன்றை ஏவி, பாதைமேல் நின்ற முற்றுகைக் கோபுரங்களைக் கொளுத்தினார்கள். பிறகு சீதோன், சைப்ரஸ் கப்பல்கள் அவன் பக்கம் சேர, ஏழாம் மாதம் நகரம் விழுந்தது. சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

போர் முடிந்தது, பாதை முடியவில்லை! அங்கே நீருக்கடியில் ஏற்கெனவே ஒரு மணல்திட்டு இருந்தது என்று புவியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அலெக்சாண்டரின் பாதை அலையைத் தடுக்க, மணல் இரு பக்கமும் குவிந்துகொண்டே போய், தீவு நிரந்தரமாகத் தரையோடு ஒட்டிவிட்டது.

பிறகு செலூசிட்கள், ரோமர்கள், அரபுகள் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. 1124இல் சிலுவைப்போர்க்காரர்கள் வெனிஸ் கப்பல்களின் துணையோடு பிடித்தார்கள். அதற்குக் கூலியாக வெனிஸுக்கு ஊரில் மூன்றில் ஒரு பங்கு! 1187இல் எருசலேமையே வென்ற சுல்தான் சலாதீன் இங்கே வந்து திணறினான். ஏன் தெரியுமா? தரைவழியாக நெருங்க இருந்தது அந்த ஒரே குறுகிய நிலம்தான்! தீவைப் பிடிக்கப் போட்ட பாதை, அன்று நகரத்தைக் காத்தது. 1291இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் வந்தபோது மட்டும் போரில்லாமலே ஊர் கைமாறியது.

ரோமர் காலக் குதிரைப்பந்தய அரங்கம், சுமார் 480 மீட்டர் நீளத்தில், இன்றும் அங்கே இருக்கிறது. இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை: ரோமச் சட்ட அறிஞர் உல்பியனின் ஊர் இதுதான்! 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட மாபெரும் சட்டத் தொகுப்பில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தீருக்காரரின் எழுத்து!