பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா?

குடும்ப மரம் பாடம் நடத்தும்போது மாணவர்கள் ஒரே நாளில் ஆறேழு தலைமுறையை நீட்டுவார்கள். "எப்படித் தெரியும்?" என்றால், "பேரு ஒண்ணாத்தானே இருக்கு, டீச்சர்!" என்பார்கள். இந்தப் பதில் எங்கே வழுக்கும் என்று காட்ட, பழைய அமெரிக்கப் பதிவுகள் நல்ல பயிற்சி.

அந்நாட்டின் முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமையல்லாத எல்லாருடைய பெயரும் வந்தது. அப்போதும் உறவுமுறை எழுதவில்லை. அது 1880இல்தான் சேர்ந்தது. ஆக, 1850இல் ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தால் அவன் மகனா, அண்ணன் மகனா, வேலைக்கு வந்தவனா? பதிவைப் பார்த்துச் சொல்லிட முடியாது.

அடுத்தது 'ஜூனியர்'. உடனே அப்பா, மகன் என்று நினைச்சிடாதீங்க. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், உறவே இல்லாவிட்டாலும் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். மூத்தவர் இறந்ததும் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார்! இங்கே தவறினால், வேறொருவரின் தாத்தாவை நம் மரத்தில் ஒட்டிவிடுவோம்.

தேதியும் ஏமாற்றும். 1752க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஆள் ஒருவர்தான்.

மிகக் கடினமான தேடல் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களுடையது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் உண்டு. அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. அவர்களில் பலருடைய பெயர் கணக்கெடுப்பில் முதலில் வருவது 1870இல். அதற்கு முன்னே போக, உரிமையாளரின் உயில், சொத்துப் பட்டியல் இவற்றைப் புரட்ட வேண்டும். மாடு, கலப்பையோடு ஒரு பெண்ணின் பெயரும் விலையும் இருக்கும். அது பாட்டியாக இருக்கலாம். விடுதலைக்குப் பின், 1865இல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் பெரிய உதவி. கணக்குத் திறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். உறுதியான உறவுக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு கோட்டின் அருகிலும் எந்தப் பதிவு, எந்த ஆண்டு என்று எழுதச் சொல்லுங்க. எழுத ஒன்றும் இல்லையென்றால் கேள்விக்குறி போடட்டும். அதுக்கும் மார்க் கொடுங்க.