தாய் வைத்த மரம், மகள் ஆளும் வளவு

ஸ்பெயினின் கோர்தோபா நகரில் கோடை வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். அதற்கு அந்த ஊரார் கண்ட மருந்து, வீட்டின் நடுவே திறந்த முற்றம். சுண்ணாம்பு அடித்த சுவரெங்கும் பூச்சட்டிகள். நடுவில் கிணறு அல்லது நீரூற்று. உயரத்துச் சட்டிகளுக்கு நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளையைக் கட்டித் தண்ணீர் வார்ப்பார்கள். 1921இல் தொடங்கிய முற்றப் போட்டி இன்று மே மாதத் திருவிழா. 2012இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மட்டக்களப்புக்கு வடக்கே கிரானிலும் வெயில் லேசானதல்ல. கச்சான் காற்று அனலாக அடிக்கும். கோர்தோபாவில் வீடு தோட்டத்தைச் சூழ்ந்து நிற்கிறது. கிரானில் வளவுதான் வீட்டைச் சூழ்ந்து காக்கிறது.

வளவைக் கிணற்றடியிலிருந்து பார்க்க வேண்டும். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போகும். குசினிக்குப் பின்னால் கறிவேப்பிலை, முருங்கை, பச்சை மிளகாய், வல்லாரை. எல்லையில் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நிற்கும். மாரி தொடங்கும்போது ஊன்றினால் வேர்விடும். வெட்டிய குழை பசளைக்கு ஆகும். மேற்கே மாமரம் நின்றால் பின்னேர வெயில் சுவரில் விழாது. முன்முற்றம் மட்டும் கூட்டிப் பெருக்கிய வெறும் மணல். இரவில் பாம்பு ஊர்ந்திருந்தால் காலையில் தடம் தெரியும்.

இந்தச் சோலை பெண்ணின் உடைமை. மட்டக்களப்புத் தமிழர் வழக்கில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே தாய் வைக்கும் மாவும் பிலாவும் மகளின் பிள்ளைகளுக்கும் காய்க்கும். 1978 நவம்பர் சூறாவளி மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்தது. பிறகு போர் பல குடும்பங்களை வளவைவிட்டுப் பெயர்த்தது. திரும்பி வந்தவர்கள் மறுபடியும் தென்னம்பிள்ளை வைத்தார்கள்.

இன்று வளவைத் தின்பது சீமெந்து. கதியால் இருந்த இடத்தில் மதில். மணல் முற்றத்தில் கொங்கிறீட் கல். மழைத் தண்ணீர் நிலத்தில் இறங்க வழியின்றித் தேங்குகிறது. பகலில் சூடேறிய கல் இரவிலும் ஆறுவதில்லை. வீட்டுக்குள் மின்விசிறி விடிய விடியச் சுழல்கிறது.

கோர்தோபா போட்டி வைத்துப் பரிசு கொடுத்துத் தன் முற்றங்களுக்கு மதிப்புத் தேடியது. நம் பிரதேச சபைகளும் மாதர் சங்கங்களும் வளவுக்கு அப்படியொரு போட்டி வைக்கலாம். வீடு கட்டுபவர்கள் வரைபடம் கீறும் முன்பே நிற்கும் மரங்களைக் குறித்துக்கொள்ளட்டும். மகளுக்கு உறுதி எழுதும்போது காணியோடு நிழலும் சேர்ந்து போக வேண்டும்.